சிங்கமும் நங்கூரமும்: ஒரு வெள்ளிப் பயணத்தின் நாட்குறிப்பு

வியாழன், லண்டன்

செயின்ட் பால் பேராலயத்திலிருந்து வடக்கே சிறிது தூரம் நடந்தால் ஃபாஸ்டர் லேன் என்ற ஒடுங்கிய தெரு வருகிறது. தெருவின் அகலத்துக்குச் சற்றும் பொருந்தாத பருமனோடு அங்கே நிற்பதுதான் கோல்ட்ஸ்மித்ஸ் ஹால், லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மன்றம். இந்த மனை 1339 முதல் அவர்கள் வசம் இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1835இல் திறக்கப்பட்டது, இதே இடத்தில் எழுந்த மூன்றாவது கட்டடம். நினைத்த நேரத்தில் உள்ளே நுழைந்துவிட முடியாது என்பதால், வாசலைச் சுற்றி வந்து பார்த்ததோடு சரி.

வெள்ளிச் சேகரிப்பாளர்கள் ஹால்மார்க் முத்திரைகளைப் பெருமைச் சின்னங்களாகப் பேசுவது வழக்கம். எனக்கு அவை அப்படித் தோன்றியதே இல்லை. ஒவ்வொரு முத்திரையும் யாரோ ஒருவரைச் சந்தேகித்து வைக்கப்பட்டது என்றே தோன்றும். நாணய வெள்ளியைவிடக் குறைந்த மாற்றில் பாத்திரம் செய்யக் கூடாது என்று முதலாம் எட்வர்ட் மன்னரின் சட்டம் 1300இல் விதித்து, சோதனையில் தேறியவற்றின்மேல் சிறுத்தைத் தலையை அடிக்கச் செய்தது. ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்ற ஸ்டெர்லிங் தரம்தான் அந்தச் சோதனையின் அளவுகோல். 1363இல் செய்தவரும் தம் அடையாளத்தை அடிக்க வேண்டும் என்றார்கள். மாற்றுக் குறைந்த சரக்கு பிடிபட்டால் அது எந்தப் பட்டறையிலிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமல்லவா? 1478இல் வந்த, ஆண்டுதோறும் மாறும் ஆண்டெழுத்தோ சோதித்தவரையே பிடிப்பதற்கானது. தரம் குறைந்த பொருள் ஒன்று முத்திரையோடு வெளியே போயிருந்தால், அது யாருடைய பொறுப்புக் காலத்தில் தேறியது என்பதை அந்த ஒற்றை எழுத்து காட்டிக் கொடுத்துவிடும். நடக்கும் சிங்கம் 1544இல் சேர்ந்தது. ஒரு கரண்டியின் வயதைக் கண்டுபிடிக்க நாம் இன்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் எழுத்து, உண்மையில் அந்தக் காலத்துத் தணிக்கைக் குறிப்பு.

வங்கியில் நகைக்கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் எனக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. மதிப்பீட்டாளர் உரைகல்லில் கோடு இழுத்து, அமிலச் சொட்டு விட்டு மாற்றுப் பார்த்த பிறகு, அவரும் கடன்தாரரும் மேலாளரும் ஒருவரை ஒருவர் நம்பாமல் கையெழுத்திடும் காகிதங்கள் எங்களிடம் கட்டுக் கட்டாகச் சேரும்.

பிற்பகலில் சான்சரி லேன் நிலவறைக்குப் போனேன். 1885இல் செல்வர்கள் தங்கள் உடைமைகளைப் பத்திரப்படுத்துவதற்காகத் திறக்கப்பட்ட பாதுகாப்பு அறைகள் இவை. இரண்டாம் உலகப் போரில் மேலே இருந்த கட்டடம் குண்டுக்கு இரையானபோதும் கீழே இருந்த அறைகள் தப்பின. இன்று அந்த அறைகள் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளிக் கடை. கனத்த இரும்புக் கதவைத் தாண்டிப் போனால், நீண்ட நடையின் இரு பக்கமும் கண் கூசும் அளவுக்கு வெள்ளி.

ஒரு கடைக்காரர் 1766ஆம் ஆண்டு லண்டன் முத்திரையுள்ள காபிக் கூசா ஒன்றை என் கையில் கொடுத்தார். கவிழ்த்துப் பார்த்தபோது, முத்திரைகளுக்குச் சற்றுத் தள்ளி ஊசிமுனையால் கீறியது போல 24, அதன் பக்கத்தில் 10 என்று மெல்லிய எண்கள் தெரிந்தன. செய்த காலத்து எடையை அடியில் கீறி வைப்பது அக்கால வழக்கம்: 24 ட்ராய் அவுன்ஸ், 10 பென்னிவெயிட். ஓர் அவுன்ஸுக்கு 20 பென்னிவெயிட் என்பதால் அது இருபத்து நான்கரை அவுன்ஸ், ஏறத்தாழ 762 கிராம். கடைக்காரர் தராசில் வைத்தார், 748 காட்டியது. இரண்டரை நூற்றாண்டுக் காலம் வேலைக்காரர்கள் துடைத்துத் துடைத்து மெருகேற்றியதில் போன தேய்மானம் 14 கிராம். இது நம்பத் தகுந்த கணக்கு. எடை கூடியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். பிற்காலத்தில் யாரோ மூக்கையோ பிடியையோ மாற்றியிருப்பார்கள், அல்லது ஓட்டைக்குத் தகடு பற்றவைத்திருப்பார்கள். நூறு அல்லது நூற்றைம்பது கிராம் குறைந்திருந்தால், இருந்த ஏதோ ஒன்று இப்போது இல்லை என்று பொருள்.

அந்தக் கூசாவின் உடலெங்கும் பூவும் கொடியுமாக நகாசு வேலை இருந்தது. விக்டோரியா காலத்தவருக்கு வெறும் வழவழப்பான வெள்ளி பிடிக்காது. பாட்டன் வாங்கிய எளிய பாத்திரங்களைக் கொண்டுபோய்ப் பூப்போட்டு வாங்கி வருவார்கள். பொருளின் பக்கவாட்டில் முத்திரை இருந்தால் அதை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். முத்திரையின் மேல் கொடி ஏறியிருந்தாலோ, சிங்கத்தின் முதுகு நெளிந்திருந்தாலோ, பூ பின்னால் வந்தது. இதில் முத்திரை அடியில் இருந்ததால் அந்தச் சாட்சி இல்லை. ஆனால் கூசாவின் வடிவம் எளிய பேரிக்காய் வடிவம், பூ வேலையோ அதற்கு எண்பது ஆண்டு பிந்திய ரசனை. விலையைக் கேட்டேன், நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளி, பெர்மாண்ட்சி

பெர்மாண்ட்சி சதுக்கத்துப் பழம்பொருள் சந்தை வெள்ளிக்கிழமை மட்டும், அதுவும் விடிகாலையிலேயே கூடிவிடுகிறது. கைவிளக்கோடு வந்த வியாபாரிகள் தங்களுக்குள் வாங்கி விற்று முடித்த பிறகுதான் எங்களைப் போன்றவர்கள் வந்து சேர்கிறோம். வெளிப்படையாக நடக்கும் சந்தையில் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு, அது திருட்டுப் பொருளாகவே இருந்தாலும் உரிமை உண்டு என்றொரு பழைய சட்டம் இந்த நாட்டில் இருந்தது; 1995இன் தொடக்கத்தில்தான் அது ஒழிந்தது. அந்தக் காலத்துப் பெர்மாண்ட்சியைப் பற்றி முதிய வியாபாரிகள் சொல்லும் கதைகளில் பாதியை நம்பலாம்.

ஒரு தட்டில் குவிந்து கிடந்த கரண்டிகளைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற கைக்கண்ணாடி கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரும்பாலானவை மின்முலாம் பூசியவை. ஈ, பி, என், எஸ் என்று மின்முலாத்தைக் குறிக்கும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் தனித்தனிச் சிறு கேடயங்களுக்குள் அடித்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஹால்மார்க் வரிசையேதான். பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் 1840இல் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு இப்படிப்பட்ட சரக்கு கோடிக்கணக்கில் வந்தது. சிங்கம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சிங்கம் இல்லையென்றால், எத்தனை கேடயம் இருந்தாலும் அது இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் அல்ல.

அந்தக் குவியலின் அடியில் ஒரு பெரிய மேசைக்கரண்டி அகப்பட்டது. தண்டின் பின்புறம், நுனிக்கு அருகில், வரிசையாக ஐந்து முத்திரைகள். முதலில் கூட்டெழுத்தில் எச் பி. அது ஹெஸ்டர் பேட்மன் என்ற பெண்மணியின் அடையாளம். கணவர் இறந்த பின் 1761இல் தம் பெயரில் முத்திரை பதிவு செய்து, பன்ஹில் ரோவில் இருந்த பட்டறையைப் பிள்ளைகளோடு பெருந்தொழிலாக வளர்த்து, 1790இல் ஓய்வு பெற்றவர். அடுத்து நடக்கும் சிங்கம், முடி சூடிய சிறுத்தைத் தலை, சிறிய ஐ என்ற ஆண்டெழுத்து. கடைசியாக அரசர் தலை.

இந்த அரசர் தலைதான் என்னை அங்கேயே அரை மணி நேரம் நிறுத்தி வைத்தது. அமெரிக்கப் போரில் காலியான கருவூலத்தை நிரப்ப, 1784 டிசம்பர் 1 முதல் வெள்ளிப் பாத்திரங்களுக்கு அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரி விதித்தார்கள். வரி கட்டியாயிற்று என்பதற்கு அடையாளமாக அடித்ததுதான் மூன்றாம் ஜார்ஜின் தலை. முதல் ஒன்றரை ஆண்டு மட்டும் அந்தத் தலை மேலெழும்பாமல் உள்ளே குழிந்து, இடப்பக்கம் பார்த்தபடி இருக்கும். 1786க்குப் பிறகு மேலெழும்பி வலப்பக்கம் திரும்பிவிடும். லண்டனில் ஆண்டெழுத்து அந்தக் காலத்தில் மே மாத இறுதியில் மாறும். சிறிய ஐ, 1784 மே இறுதியில் தொடங்கி 1785 மே வரை புழங்கிய எழுத்து. ஆக, ஐ எழுத்தும் குழிந்த தலையும் சேர்ந்திருந்தால், அந்தக் கரண்டி 1784 டிசம்பருக்கும் 1785 மே மாதத்துக்கும் இடைப்பட்ட ஆறே மாதத்துக்குள் சோதனைக்கு வந்தது. விரல் நகத்தில் பாதிகூட இல்லாத இரண்டு குறிகள் இவ்வளவு சொல்கின்றன. 90 பவுண்டு கேட்டார், 80க்கு இசைந்தார்.

முத்திரை இருக்கும் இடமும் பேசும். 1780ஆம் ஆண்டையொட்டிய காலம் வரை, கரண்டிகளில் தண்டு ஒடுங்கிக் கிண்ணத்தோடு சேரும் இடத்தில்தான் முத்திரை அடித்தார்கள். அடித்த பிறகு தண்டை மறுபடி தட்டிச் சரிசெய்ய வேண்டியிருந்ததால் அந்தக் காலத்துச் சிங்கங்கள் நசுங்கிச் சப்பையாகத் தெரியும். 1740ஆம் ஆண்டின் எழுத்து தண்டின் நுனியில் அழகாக அமர்ந்திருந்தால் கரண்டியைத் திருப்பி வைத்துவிடலாம்.

இன்னொரு மேசையில் ஒரு பீர்க் குவளை. அடியின் நட்டநடுவில், வட்டம் போட்டு வைத்தாற்போல நான்கு முத்திரைகள் கச்சிதமாக நெருங்கி இருந்தன. குவளை கனமானது, முத்திரைகளோ சின்னப் பொருளுக்கு உரியவை. 1720 முதல் 1758 வரையும் இதேபோல் அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரி இருந்தது. வரி எடைக்கு என்பதால், சில பட்டறைக்காரர்கள் சிறு தகடு ஒன்றைச் சோதனைக்கு அனுப்பி, அற்ப வரி கட்டி, முத்திரை விழுந்த பகுதியை வட்டமாக வெட்டி, பெரிய பாத்திரத்தின் அடியில் பற்றவைத்துவிடுவார்கள். கண்டுபிடிக்கக் கருவி ஒன்றும் வேண்டாம், வாயால் ஊதினால் போதும். மூச்சின் ஈரம் படிந்து விலகும் அந்தச் சில நொடிகளில், பற்றவைப்புப் பொடி ஓடிய கோடு வெள்ளியிலிருந்து தனித்துத் தெரியும். ஊதினேன்; முத்திரைகளைச் சுற்றி ஒரு முழு வட்டம் எழுந்து மறைந்தது. அந்த வியாபாரிக்கு அது தெரியுமா என்று கேட்கவில்லை. இப்படிச் சந்தேகத்துக்குரிய பொருள்களை ஆராய்வதற்கென்றே கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில் பழம்பாத்திரக் குழு ஒன்று இயங்குகிறது.

சனி, போர்ட்டோபெல்லோ

கூட்டம், இரைச்சல், பாதிக்குமேல் புதுச் சரக்கு. ஆனால் சந்துகளுக்குள் இருக்கும் சிறு அடுக்குக் கடைகளில் நகை பார்க்கலாம்.

நகையில் முத்திரையை நம்பி இறங்கக் கூடாது, ஏனென்றால் பல நகைகளில் முத்திரையே இருக்காது. முத்திரை அடித்தால் சிதைந்துபோகும் அளவுக்கு மெல்லிய வேலைகளுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டுச் சட்டமே விலக்கு அளித்துவிட்டது. இருக்கும் முத்திரைகளில் எனக்குப் பிடித்தது 15 என்ற எண்ணும் அதன் பக்கத்தில் .625 என்பதும். 15, 12, 9 காரட் தரங்கள் 1854இல்தான் அனுமதிக்கப்பட்டன. 15உம் 12உம் 1932இல் நீக்கப்பட்டு 14 வந்தது. எனவே 15 என்று கண்டால் அந்த நகை இந்த இடைவெளிக்குள் வந்தது என்று ஆண்டெழுத்து தேய்ந்திருந்தாலும் சொல்லிவிடலாம். 22 காரட்டுக்குக் குறைந்ததைத் தங்கம் என்றே ஒப்புக்கொள்ளாத நம் வீட்டுப் பெண்களிடம் இந்த 9 காரட்டைக் காட்டாமல் இருப்பது நல்லது.

ஒரு தொப்பி ஊசியில் மூன்று கோதுமைக் கட்டுகளும் வாளும் இருந்தன. அது செஸ்டர் நகரத்துச் சோதனைச்சாலையின் அடையாளம். ஊசியைச் செய்தவரோ யார்க்‌ஷயரின் ஹாலிஃபாக்ஸ் நகரத்துச் சார்லஸ் ஹார்னர் நிறுவனத்தார். ஊர் முத்திரை சோதித்த ஊரைச் சொல்லும், செய்த ஊரை அல்ல. செஸ்டர் சாலை 1962இல் மூடப்பட்டது.

கறுப்பு நகைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. ஆல்பர்ட் இளவரசர் 1861 டிசம்பரில் இறந்த பின் விக்டோரியா அரசி ஆயுள் முழுவதும் துக்கம் காத்ததில், விட்பி கடற்கரையில் கிடைக்கும் ஜெட் என்ற கறுப்புக் கல்லுக்குப் பெரும் கிராக்கி. உண்மையில் அது கல்லும் அல்ல, கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து இறுகிய மரம். அதைப் போலவே கறுப்புக் கண்ணாடியிலும் செய்து விற்றார்கள். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் போதும்: கண்ணாடி சில்லிடும், கனக்கும், ஜெட் கனமில்லாமல் சூடு ஒட்டிக்கொள்ளும். மெருகிடாத பீங்கானில் தேய்த்தால் ஜெட் பழுப்புக் கோடு விடும், ஆனால் விற்பவரின் முகம் மாறும்.

மூலைக் கடை ஒன்றில், நகைகளுக்கிடையே எதிர்பாராமல் ஒரு வெள்ளிச் சர்க்கரைக் கிண்ணம். சுற்றிலும் வளைவுகளுக்குள் தெய்வ உருவங்கள் புடைத்து நிற்கின்றன; குழலூதும் கண்ணனும், மயில்மேல் முருகனும் தெரிந்தார்கள். அடியில் ‘பி. ஆர் அண்ட் சன்ஸ்’ என்ற பெயர் மட்டுமே, சிங்கமும் இல்லை எழுத்தும் இல்லை. சென்னை அண்ணா சாலையில் கடிகாரக் கடையாக நாம் அறிந்த அதே பி. ஆர் அண்ட் சன்ஸ்தான். ஐரோப்பியத் தேநீர்ப் பாத்திர வடிவத்தில் கோயில் உருவங்களைப் பொருத்திய இந்த ‘சுவாமி’ வேலைப்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து வந்தது. வேல்ஸ் இளவரசர் 1875–76இல் இந்தியாவைச் சுற்றி வந்த பிறகு இங்கே அதற்கு மோகம் ஏறியது. அன்றைய இந்தியாவில் கட்டாயச் சோதனை முறை இல்லாததால் கடைப்பெயர்தான் ஒரே பிணை. முத்திரையில்லாத பொருளை வெள்ளி என்று சொல்லி விற்க இங்கே சட்டம் பொதுவாக இடம் தராது. ஆனால் 1950க்கு முன் செய்ததும் உரிய மாற்று உள்ளதும் என்று காட்ட முடிந்தால் விலக்கு உண்டு. உருவங்களைச் செதுக்கிய பத்தர்களின் பெயர் எங்கும் இல்லை. முருகனின் வேல்நுனி தேயாமல் இருந்தது. கிண்ணம் புழக்கத்தில் இருந்ததைவிடக் கண்ணாடிப் பேழைக்குள் இருந்த நாள்களே அதிகம் என்று நினைக்கிறேன். விலை என் கைக்கு எட்டாதது.

ஞாயிறு, சவுத் கென்சிங்டன்

விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் வெள்ளிக் கூடங்கள். பார்க்க வேண்டியவை, ஆனால் எடுத்துத் திருப்ப முடியாத வெள்ளியை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டேன். 1697இல் ஸ்டெர்லிங்கை ஒதுக்கிவிட்டு, ஆயிரத்துக்கு 958.4 என்ற உயர்ந்த தரத்தைக் கட்டாயமாக்கினார்கள். சிங்கத்துக்குப் பதில் உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியா அம்மை. காரணம் தூய்மைமேல் வந்த பற்று அல்ல. வெள்ளி நாணயங்களின் ஓரத்தை நறுக்கியும் உருக்கியும் பாத்திரம் செய்துகொண்டிருந்தார்கள். பாத்திரத்தின் தரத்தை நாணயத்தைவிட உயர்த்திவிட்டால், நாணயத்தை அப்படியே உருக்கி ஊற்ற முடியாது. 1720இல் ஸ்டெர்லிங் திரும்பியது.

அடுத்த புதன், பர்மிங்காம்

இடையில் இரண்டு நாள் உறவினர் வீட்டிலேயே கழிந்தது. இன்று தம்பி மகள் விடுப்பெடுத்துக்கொண்டு நகைப் பேட்டைக்கு அழைத்துப் போனாள்.

பர்மிங்காமில் செய்த வெள்ளியை 1773 வரை எழுபது மைலுக்கு அப்பால் செஸ்டருக்கோ அதைவிடத் தொலைவில் லண்டனுக்கோ அனுப்பித்தான் முத்திரை பெற வேண்டும். வழியில் நசுங்கும், நாள் தவறும், புதிய வடிவத்தைப் போட்டியாளர் பார்த்துவிடுவார். சோஹோ தொழிற்சாலையின் அதிபர் மேத்யூ போல்டன் ஷெஃபீல்டுக்காரர்களோடு சேர்ந்து நாடாளுமன்றத்தில் மன்றாடினார். லண்டன் பொற்கொல்லர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் இரு ஊருக்கும் ஒரே சட்டத்தில் சோதனைச்சாலை கிடைத்தது. கடலே இல்லாத பர்மிங்காமுக்கு நங்கூரமும் ஷெஃபீல்டுக்குக் கிரீடமும் அடையாளமானதற்கு, மனுதாரர்கள் லண்டனில் கூடிப் பேசிய ‘கிரீடமும் நங்கூரமும்’ என்ற விடுதியின் பெயரைக் காரணமாகச் சொல்வார்கள். 1773 ஆகஸ்ட் 31 அன்று ஒரு சத்திரத்தின் மூன்று அறைகளில் வேலை தொடங்கியபோது முதல் வாடிக்கையாளர் போல்டனேதான்.

வைஸ் தெருவில் உள்ள அருங்காட்சியகம், ஸ்மித் அண்ட் பெப்பர் என்ற குடும்பப் பட்டறை. 1899இல் தொடங்கி 1981இல் உரிமையாளர்கள் வயதாகிக் கதவைப் பூட்டியபோது, கருவிகளையும் அங்கிகளையும் தேநீர்க் கோப்பைகளையும்கூட அப்படியே விட்டுப் போனார்கள். வேலை மேசைகளின் அரைவட்ட வெட்டுக்குக் கீழே தோல் விரித்திருக்கிறது, அரத்தூள் அதில் விழ வேண்டும் என்பதற்காக. தரையைப் பெருக்கிய தூசியையும் கை கழுவிய நீரையும்கூடச் சேர்த்து வைத்துத் தங்கம் பிரித்தெடுத்தார்கள். நம் ஊர்ப் பத்தர் தெருக்களில் சாக்கடை மண்ணை அரிப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இது விளக்கம் வேண்டாத காட்சி.

“பெரியப்பா, நம்ம ஊர்ல 916 போடுறாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?” என்று கேட்டாள்.

“நோக்கம் ஒண்ணுதாம்மா, எழுதி வைக்கிற விதம் வேற” என்றேன். இந்தியத் தர நிறுவனத்தின் தங்க ஹால்மார்க் 2000இல் தொடங்கி, 2021 ஜூனில் கட்டாயமாகத் தொடங்கியது. இப்போது நிறுவனச் சின்னம், 916 போன்ற தர எண், ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரும் ஆறு இலக்க அடையாளக் குறியான ஹெச்.யு.ஐ.டி. என மூன்றே குறிகள். கடைக்காரர், சோதனை மையம் என்ற விவரமெல்லாம் கணினிக்குள் போய்விட்டன. பேட்மன் கரண்டியைப் படிக்க எனக்கு ஒரு லூப்பும் கைக்கடக்கமான முத்திரை அட்டவணையும் போதுமாயிருந்தன. இரு நூற்றாண்டு கழித்து நம் வளையலைப் படிப்பவருக்கு, அந்தத் தரவுத்தளமும் உயிரோடு இருக்க வேண்டும். பிரிட்டனும் 1999 முதல் ஆண்டெழுத்தை விருப்பத்துக்கு விட்டுவிட்டது. எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை.

மாலையில் ஒரு கடையில் நத்தானியேல் மில்ஸ் செய்த வினிகிரெட் ஒன்று பார்த்தோம். தீப்பெட்டியைவிடச் சிறியது. நகரச் சாக்கடை நாற்றத்துக்கு அஞ்சிய சீமாட்டிகள், வாசனைக் காடியில் நனைத்த பஞ்சை இதில் வைத்து முகர்வார்கள். மூடியில் வின்ட்சர் கோட்டை புடைப்பாக இருக்கிறது. திறந்தால் உள்ளே தங்க முலாம். அழகுக்கல்ல, காடி வெள்ளியை அரிக்கும் என்பதால். பஞ்சை அமுக்கிப் பிடிக்கும் கீல்வைத்த துளைத்தகடு, தாமரைக்கொடி போலச் சுருண்டிருந்தது. அடிப்பகுதியில் நங்கூரம், சிங்கம், எழுத்து, அரசியின் தலை; மூடியின் உள்ளே மறுபடி; துளைத்தகட்டில் சிங்கம் மட்டும். தனியே கழன்று வரக்கூடிய ஒவ்வொரு பாகத்துக்கும் முத்திரை வேண்டும், அவை ஒன்றையொன்று ஒத்திருக்க வேண்டும். ஒத்திருந்தன. கோட்டைக்குத்தான் விலை, வெறும் கோடு செதுக்கிய மூடி என்றால் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கும்.

வியாழன், வேர்ட்ஸ்லி

பர்மிங்காமுக்கு மேற்கே, ஸ்டவர்பிரிட்ஜ் கண்ணாடித் தொழிலின் பழைய ஊர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்லால் கட்டிய ரெட் ஹவுஸ் உலைக்கூம்பு முப்பது மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. எதிரே கண்ணாடி அருங்காட்சியகம். ஜான் நார்த்வுட் ரோமானியரின் போர்ட்லண்ட் ஜாடியைக் கண்ணாடியில் நகலெடுத்து 1876இல் முடித்தது இவ்வூரில்தான்.

கண்ணாடியின் மாற்றை யாரும் சந்தேகித்ததில்லை, அதை உருக்கி நாணயம் அடிக்க முடியாது. அதனால் அதற்கு ஹால்மார்க்கும் இல்லை. அங்கே பயம் வடிவத் திருட்டுக்குத்தான். 1842 முதல் 1883 வரை பதிவு செய்த வடிவங்களில் சாய்சதுரக் குறி ஒன்று இருக்கும். உச்சியில் உள்ள வட்டத்தில் ரோமன் மூன்று இருந்தால் கண்ணாடி வகை. நான் பார்த்த அச்சுக் கண்ணாடித் தட்டில் வலது மூலையில் டி, கீழே ஐ: 1878 ஜூலை. 1867 வரை ஆண்டெழுத்து உச்சியிலும், அதன் பிறகு வலப்பக்கத்திலும் இருக்கும் என்பதை நினைவில் வைத்தால் போதும். ஆனால் அது வடிவம் பதிவான நாள். அச்சு தேயும் வரை அதே தட்டைப் பல ஆண்டுகள் அடித்திருக்கலாம். பக்கத்தில் மயில் தலை ஒன்றும் இருந்தது. கேட்ஸ்ஹெட் நகரத்துச் சவர்பி நிறுவனத்தின் அடையாளம்.

குறியே இல்லாத கோப்பைகளுக்கு அடிப்பாகம்தான் ஆதாரம். ஊதுகுழலிலிருந்து பிரித்தெடுக்கும்போது ஒட்டியிருந்த கம்பியை உடைத்த வடு பழைய கோப்பைகளில் கரடாக இருக்கும், பிற்காலத்தவற்றில் தேய்த்து மெருகிட்டிருக்கும். பாதத்தின் ஓரத்தை லூப்பில் பார்த்தால், நூறு ஆண்டு மேசையில் நகர்ந்ததன் கீறல்கள் ஆழமும் திசையும் மாறி மாறிக் கிடக்கும். உப்புத்தாளில் தேய்த்துப் பழசாக்கியது என்றால் எல்லாக் கீறலும் ஒரே பக்கம் ஓடும்.

ஒரு கடையில் வெட்டு வேலை செய்த ஒயின் ஜாடி, கழுத்தில் வெள்ளிப் பட்டை. கண்ணாடி சொல்லாத ஆண்டைப் பட்டை சொல்லும்: பர்மிங்காம், 1887. ஆனால் அது பட்டையின் ஆண்டு மட்டுமே. பட்டையைக் கண்ணாடியோடு பிணைப்பது சுண்ணச்சாந்து. விளிம்பில் எட்டிப் பார்த்தபோது அது பழுத்து மஞ்சளாகியிருந்தது. வெள்ளை வெளேரென்று இருந்திருந்தால் ஜாடி உடைந்து வேறொன்றை மாட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிப்பேன்.

வெள்ளி, ஷெஃபீல்டு

ஷெஃபீல்டின் ஆண்டெழுத்துகள் 1773 முதல் அரை நூற்றாண்டுக்கு அகரவரிசையிலேயே வராது. ஈ, எஃப், என், ஆர், எச், எஸ் என்று தாறுமாறாகப் போகும். அட்டவணை இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. கிரீடம் 1975இல் ரோஜாவுக்கு இடம் விட்டது, தங்கத்தின் தர முத்திரையும் கிரீடமாக இருந்ததே காரணம்.

ஒரு ஜோடி மெழுகுவத்தித் தண்டுகள், எழுத்து என், அதாவது 1775. மெல்லிய தகட்டை அச்சில் அழுத்திச் செய்து, உள்ளே தார் போன்ற கீல் நிரப்பிய வகை. கையில் எடுத்தால் கனத்தில் மயங்கிவிடுவோம், வெள்ளியோ கொஞ்சம்தான். மேலே செருகியிருந்த மெழுகு ஏந்தும் கிண்ணிகளில் ஒன்றில் முத்திரை இருந்தது, மற்றதில் இல்லை. கடைக்காரர் நான் கேட்குமுன்பே சொல்லி, விலையையும் குறைத்தே வைத்திருந்தார். அப்படியும் எனக்கு அதிகம்.

நான் இவ்வூருக்கு வந்தது முத்திரையில்லாத சரக்குக்காக. 1743 வாக்கில் தாமஸ் போல்சோவர் என்ற கத்திக் கொல்லர், சூட்டில் வெள்ளியும் செம்பும் ஒன்றோடொன்று ஒட்டி, உருளையில் நசுக்கினால் சேர்ந்தே விரிவதைக் கண்டார். அதுதான் பழைய ஷெஃபீல்டு பிளேட். ஓரத்தில் செம்பு தெரியக் கூடாது என்பதற்காக வெள்ளிக் கம்பியை மடித்துப் பொருத்துவார்கள். நகத்தால் உட்புறம் நெருடினால் அந்த மடிப்பு தட்டுப்படும். மின்முலாத்தில் அது இருக்காது, ஏனெனில் முலாம் எல்லாவற்றையும் மூடிவிடும். அடியில் ‘ஷெஃபீல்டு பிளேட்’ என்று எழுதியே இருந்தால், அது பெரும்பாலும் பிற்கால மின்முலாம்.

இரண்டு ஒயின் புட்டித் தட்டங்கள் எடுத்துப் பார்த்தேன். உயரமான இடங்களில் வெள்ளி தேய்ந்து செம்பு சிவப்பாக எட்டிப் பார்த்தது. ஒரு பக்கத்தில் குடும்பச் சின்னம் செதுக்கியிருந்தது. பிளேட்டில் செதுக்கினால் உளி செம்பைத் தொட்டுவிடும். எனவே செதுக்க வேண்டிய இடத்தில் மட்டும் தடித்த வெள்ளித் துண்டு ஒன்றைப் பதிப்பார்கள். ஊதினேன். சின்னத்தைச் சுற்றி மெல்லிய செவ்வகம் தெரிந்து மறைந்தது. பெர்மாண்ட்சியில் மோசடியைக் காட்டிய அதே மூச்சு, இங்கே நல்ல கைவேலையைக் காட்டியது.

வேண்டுமானால் புதிதாக முலாம் பூசித் தருகிறேன், கூடுதல் கட்டணம் வேண்டாம் என்றார் கடைக்காரர். பூசினால் அந்த மடிப்பும் செவ்வகமும் மறைந்து, இது எல்கிங்டன் காலத்துச் சரக்கிலிருந்து பிரித்தறிய முடியாததாகிவிடும். செம்பு தெரிந்தபடியே இருக்கட்டும் என்று சொல்லி, 120 பவுண்டு கொடுத்து, ரசீதில் ‘சுமார் 1800, மறுமுலாம் பூசாதது’ என்று எழுதி வாங்கிக்கொண்டேன்.